உப்புத் தொட்டிக்கு லைவ் ராக்

லைவ் ராக் என்பது மீன் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா குடியிருக்கும் பாறை. நாகர்கோவிலில் புதிதாக உப்புநீர் மீன் தொட்டி வைத்திருக்கும் தம்பி கேட்டான்: "அண்ணே, லைவ் ராக்குக்கு எதுக்குக் காசு? முட்டத்துல இல்லாத பாறையா?"

முட்டம் கடற்கரைப் பாறை இறுகிய ஜாதி. பாக்டீரியா குடியிருக்கத் துளை வேண்டாமா? கடலில் பவளப்பாறையை உடைத்து எடுப்பதோ 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதனால் துளையுள்ள செயற்கைப் பாறைதான்.

அந்தப் பாறையை மூடிபோட்ட டிரம்மில் போடணும்: உப்புநீர், அடர்த்தி 1.025 (நல்ல தண்ணீர் 1 என்றால்), ஒரு பம்ப். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும். பாக்டீரியா திரவத்தோடு கொஞ்சம் அம்மோனியாவும் விடணும், அதுதான் அதுகளுக்குச் சாப்பாடு. முதலில் அம்மோனியா ஏறும், அப்புறம் நைட்ரைட். இரண்டும் மீனுக்கு விஷம்; பூஜ்யத்துக்கு இறங்க வாரக்கணக்கில் ஆகும். அதுவரை மீன் கடைப் பக்கம் போகாதே என்று சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை போய் நிற்பான், தெரியும்.