கேபின் மூலை

பிப்ரவரி 3
பிக்கப் வண்டியின் வலப்பக்கக் கதவு இடைவெளி: மேலே 5 மி.மீ., கீழே 5 மி.மீ. எழுதி வைத்துவிட்டேன். இனித் துருப்பிடித்த தகரத்தை அறுக்கலாம்.

பிப்ரவரி 4
கதவை மாட்டியபடியே கேபினுக்குள் குறுக்குச் சட்டம் வைத்து வெல்டு செய்தேன். கதவுக்கு அடியில் ஓடும் ராக்கர் பேனலை எடுத்துவிட்டால் கேபின் தொய்யும். அப்புறம் எந்தக் கதவும் ஒழுங்காக உட்காராது. வண்டி 1970 செவர்லே சி10. பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருக்கிறது. அதைக் கழற்றித் தூரமாக வைத்த பிறகுதான் கிரைண்டரைத் தொட்டேன்.

பிப்ரவரி 5
அப்பாவின் ரிப்போர்ட் வரவில்லை.

பிப்ரவரி 7
ஸ்பாட் வெல்டுகளை ட்ரில் போட்டு எடுத்துப் பழைய பேனலைப் பிரித்தேன். உள்ளே கை கையாக மண். தண்ணீர் வடிய வேண்டிய ஓட்டைகளை அது அடைத்துவிட்டது. இறங்கிய ஈரம் போக வழியில்லாமல் உள்ளிருந்தே தகரத்தை அரித்திருக்கிறது. மேலே யாரோ பட்டி பூசிப் பூசி மறைத்திருக்கிறார்கள். ஒரு விரல் கனத்துக்குப் பட்டி! எனக்கு ஆத்திரம் அடங்கவே இல்லை. துருவை வெட்டி எறியாமல் மேலே பூசுவது வண்டிக்குச் செய்யும் துரோகம்.

பிப்ரவரி 8
புதுப் பேனல் 3 மி.மீ. நீளம் கூடுதல். தேய்த்துச் சேர்த்தேன். இடைவெளி கீழே 5. மாறவில்லை.

பிப்ரவரி 10
ஏறக்குறைய 1 மி.மீ. தகரம், 0.6 மி.மீ. கம்பி, ஆர்கான் கலந்த காஸ். கேபின் மூலையில் புதுத் தகரத்தையும் பழையதையும் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றாமல் விளிம்போடு விளிம்பு முட்டவைத்து, நடுவே மெல்லிய சந்து விட்டேன். ஏற்றி வைத்தால் இடுக்கில் ஈரம் தங்கும், மறுபடி துருதான். ஒரு டாக், அதாவது ஒரு புள்ளி வெல்டு, இங்கே, அடுத்தது ஒரு சாண் தள்ளி, அப்புறம் மறுகோடியில். வெல்டு ஆறும்போது சுருங்கித் தகரத்தை இழுக்கும். ஒரே கோடாக ஓட்டினால் பேனல் நெளிந்துவிடும். புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்க்கிறேன். சூடு இருந்தால் காத்திருக்கிறேன். காத்திருக்கும்போதெல்லாம் போனை எடுத்துப் பார்க்கிறேன்.

பிப்ரவரி 11
கீழே 4.5.

பின்னால் டாலி என்னும் இரும்புக் கட்டியைப் பிடித்து, வெல்டின் மேல் சுத்தியலால் மெதுவாகத் தட்டினேன். சுருங்கிய இடம் கொஞ்சம் விரிந்து கொடுத்தது. மறுபடி அளந்தேன். கிட்டத்தட்ட 5. கிட்டத்தட்ட போதுமா? தூக்கம் வரவில்லை.

பிப்ரவரி 12
அப்பா ரிப்போர்ட்டைப் பற்றிப் பேசவே இல்லை. "கதவு உட்காருதா?" என்று மட்டும் கேட்டார். "உட்காருதுப்பா" என்றேன்.

பிப்ரவரி 14
ராக்கரின் கீழ் மடிப்பில் 8 மி.மீ. ஓட்டைகள் போட்டு, ஜிங்க் ப்ரைமர் அடித்து, ஓட்டைக்குள் வெல்டை நிரப்பினேன். ஓட்டையைச் சுற்றி மட்டும் ப்ரைமரைச் சுரண்டிவிட்டேன். ஜிங்க் எரிந்து வரும் புகை ஆளைக் காய்ச்சலில் தள்ளிவிடும். வடிகால் ஓட்டைகள் திறந்திருக்கின்றனவா என்று கம்பி விட்டுப் பார்த்தாயிற்று. பெயின்ட் உலர்ந்ததும் உள்ளே மெழுகு அடிக்க வேண்டும். வெளியே எத்தனை பளபளப்பாக இருந்தாலும் இந்த மூலை பிழைப்பது அந்த மெழுகினால்தான்.

இடப்பக்கத்துக்கும் சட்டம் அளந்து வெட்டி வைத்திருக்கிறேன். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.