மிதக்கும் பனிமுகாமின் இடத்தைக் கணிப்பது: வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) எப்படித் தயாராகலாம்?

முதுகலையில் நான் எடுத்த செயல்திட்டம், ஆர்க்டிக் பனியோடு நகர்ந்துகொண்டே இருக்கும் ஆய்வு முகாம்களின் இடத்தைச் செயற்கைக்கோள் அளவீடுகளை வைத்துக் கணிப்பது. இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: கால்மன் ஃபில்டர் (நகர்வைப் பற்றிய கணிப்பையும் பிழையுள்ள அளவீடுகளையும் சேர்த்து இடத்தை மதிப்பிடும் கணக்குமுறை) சமன்பாடுகளில் ஆரம்பிக்காதீர்கள். அவை எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்கும். வைவாவில் துருவித் துருவிக் கேட்பது பனியைப் பற்றித்தான்.

டாப்ளர் விளைவிலிருந்து, அதாவது நகரும் பொருளிலிருந்து வரும் அலையின் அலைவெண் மாறித் தெரிவதிலிருந்து, தொடங்குங்கள். 1957இல் ஸ்புட்னிக் பறந்தபோது, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வகத்தில் இருவர் அதன் அலைவெண் மாறுவதை வைத்தே சுற்றுப்பாதையைக் கணித்தார்கள். பாதை தெரிந்தால் அந்த அலையைக் கேட்பவர் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிக்கலாமே என அதைத் திருப்பிப் போட்டதில் பிறந்தது டிரான்சிட் என்ற செயற்கைக்கோள் வழிகாட்டி முறை. 1975–76இல் பியூஃபோர்ட் கடலில் நடந்த ஐட்ஜெக்ஸ் (AIDJEX) என்ற பனி நகர்வு ஆய்வில் பிக் பேர், கரிபூ போன்ற முகாம்களின் இடத்தை இதைக் கொண்டுதான் குறித்தார்கள். டாப்ளர் வளைவை (நேரம் போகப் போக வந்த அலைவெண் மாறும் வரைபடத்தை) ஒருமுறை கையால் வரைந்து பாருங்கள். அனுப்பிய அலைவெண்ணும் வந்த அலைவெண்ணும் ஒன்றாகும் நொடியில் செயற்கைக்கோள் மிக அருகில் இருக்கிறது. அங்கே வளைவு எவ்வளவு செங்குத்தோ அவ்வளவு நெருக்கம்.

செயற்கைக்கோள் தலைக்கு மேலே கடக்கும் சில நிமிடங்களிலும் முகாம் நகர்கிறது. செயற்கைக்கோளோ வடக்கு-தெற்காகப் போகிறது. அதனால் முகாமின் வடக்கு-தெற்கு வேகத்தைத் தவறாக வைத்தால், பிழை கிழக்கு-மேற்கில் போய் விழும். ஏன் என்று படம் போட்டு விளக்கத் தெரிந்தால் பாதி வைவா முடிந்த மாதிரி.

அப்புறம் இந்தக் கணக்கு. இடத்தில் 300 மீட்டர் பிழை இருக்கிறது என்று வையுங்கள். மூன்று மணி நேர இடைவெளியில் இரண்டு இடங்களைக் கழித்து வேகம் எடுத்தால், இரண்டின் பிழையும் சேர்ந்து (√2 மடங்காகி) நொடிக்கு 4 செ.மீ. வரும். பனியே பல நாட்களில் 5, 10 செ.மீ. வேகத்தில்தான் போகும்! ஒரு நாள் இடைவெளி என்றால் பிழை அரை செ.மீ. ஆகிவிடும். சரி, அப்படியே செய்யலாமே என்றால், 80 பாகை வடக்கில் பனி சுமார் 12 மணி நேரத்துக்கொரு முறை சிறு வட்டமாகச் சுழல்கிறது. அந்தச் சுழற்சி முழுவதும் சராசரியில் கரைந்து காணாமல் போகும். ஃபில்டர் தேவைப்படுவது இந்த இழுபறிக்காகத்தான்.

ஃபில்டரில் 'முகாம் எவ்வளவு தன்னிச்சையாக நகரும்' என்று சொல்லும் இரைச்சல் அளவை யூகமாகப் போடாதீர்கள். பனி காற்றின் வேகத்தில் ஏறக்குறைய 2 சதவீதம் போகும், வட துருவத்தில் காற்றுக்கு வலப்பக்கம் ஒதுங்கும். ஃபிராம் கப்பலில் துருவ ஆய்வாளர் நான்சன் கவனித்தது இது. கோடையில் பனி தளர்ந்திருக்கும்போது சுழற்சி கூடும், குளிர்காலத்தில் நெருக்கிப் பிடிக்கும்போது அடங்கும். ஆண்டு முழுவதற்கும் ஒரே மதிப்பு வைத்தால் தேர்வாளர் விடமாட்டார். கணிப்புக்கும் அளவீட்டுக்கும் உள்ள வித்தியாசங்களை வரைபடமாக்கிப் பாருங்கள். தொடர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால் அந்த இரைச்சல் அளவு போதவில்லை.

எல்லாத் தரவும் கையில் இருக்கிறதா? ஃபில்டரைக் காலத்தில் முன்னோக்கி மட்டும் ஓட்டாமல் பின்னோக்கியும் ஓட்டிப் பாதையை மென்மையாக்குங்கள். பயிற்சிக்கு சர்வதேச ஆர்க்டிக் மிதவைத் திட்டத்தின் 1979 முதலான தரவு பொதுவில் கிடைக்கிறது. அதில் தீர்க்கரேகையை நேரடியாகச் சராசரி எடுக்காதீர்கள்: 85 பாகையில் ஒரு பாகை தீர்க்கரேகை 10 கிலோமீட்டர்கூட இல்லை, 180-ஐத் தாண்டினால் விடை உலகத்தின் மறுபக்கம் போய் நிற்கும். முதல் வேலையாகத் துருவத்தை மையமாக வைத்த தள ஆயங்களுக்கு (x, y) மாற்றிவிடுங்கள்.