பள்ளியின் பெயரில் மட்டும் புனிதர் இருந்தால் போதுமா?

மலேசியாவின் பினாங்கில் லசால் சகோதரர்கள் என்னும் கத்தோலிக்கத் துறவற சபையினரின் செயின்ட் சேவியர்ஸ் பள்ளியும், குழந்தை இயேசு சபைக் கன்னியரின் லைட் தெருக் கான்வென்டும் 1852ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டவை. இப்படிச் சபைகள் தொடங்கிய மிஷன் பள்ளிகளின் ஆசிரியர்களை இன்று கல்வி அமைச்சே நியமிக்கிறது. முஸ்லிம் மாணவர்கள் இஸ்லாமியக் கல்வியும் மற்றவர்கள் நன்னெறிக் கல்வியும் பயில்கிறார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, அதாவது தம் சமயப் பாடம், கிடைப்பது பெரும்பாலும் பங்குக் கோயிலின் ஞாயிறு வகுப்பில்தான். அப்படியானால் அந்தப் பள்ளிகளில் கத்தோலிக்கம் எங்கே இருக்கிறது?

கான்வென்டில் படித்த இந்துப் பெண் நான். என்னை யாரும் மதம் மாற்ற முயன்றதில்லை (அம்மாதான் முதல் வாரம் முழுக்கப் பயந்துகொண்டிருந்தார்). ஆனால், கட்டணம் செலுத்த இயலாத தோழியை வகுப்பில் எவரும் அறியாதவாறு ஒரு கன்னியர் சகோதரி தாங்கிக்கொண்டதை நான் பின்னாளில்தான் அறிந்தேன். கத்தோலிக்கப் பள்ளியில் சுதந்திரமும் அன்பும் கலந்த நற்செய்தியின் சூழல் நிலவ வேண்டும் என 1965இல் உலகக் கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூறியது இதைத்தான் என்று நினைக்கிறேன். பாடத்திட்டத்தால் அச்சூழலை உருவாக்கிவிட முடியாது. அதை வாழ்ந்து காட்டிய சகோதரிகள் வகுப்பறைகளை விட்டுச் சென்றபின், அப்பொறுப்பு பழைய மாணவர்களாகிய நம்மிடமும் வந்துசேர்ந்திருக்கிறது.