கண்ணாடியில் ஒட்டிய காகிதம்

விண்ணப்பம் வாங்கும் கவுண்ட்டரில் எனக்குப் பக்கத்து இருக்கையில் இருந்த அக்கா ஒரு நாள், சரியாகப் பூர்த்தி செய்த மாதிரிப் படிவம் ஒன்றைக் கண்ணாடியில் ஒட்டினார். யாரும் சொல்லிச் செய்யவில்லை. கோப்பு கிடையாது, ஆணை கிடையாது. ஒரே பதிலை நாளெல்லாம் சொல்லித் தொண்டை வறண்டதுதான் காரணம். பிழை என்று திருப்பி அனுப்பும் விண்ணப்பங்கள் சில நாட்களிலேயே குறைந்துவிட்டன.

சரி, படிவத்தையே சுருக்கினால் என்ன என்று எனக்கு ஆசை வந்தது. எட்டாவது கட்டத்தில் நாங்கள் கேட்கும் விவரத்தை எந்தப் பிரிவும் பார்ப்பதில்லை. எடுத்துவிடலாம் என்று குறிப்பு எழுதினேன். "எதற்காகச் சேர்த்தார்கள்?" என்ற கேள்வியோடு திரும்பி வந்தது. தெரிந்தவர் யாரும் இப்போது பணியில் இல்லை. தெரியாததாலேயே நீக்க ஒருவரும் துணியவில்லை. இருந்ததை அப்படியே விட்டவரைத் தணிக்கை கேட்காது, எடுத்தவரைத்தான் கேட்கும். ஒரு கட்டத்தைச் சேர்க்க ஒரு கையெழுத்து போதும். நீக்க ஆறு வேண்டும். மிகையில்லை, எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

எஸ்தோனியாவைப் பற்றிப் படித்தபோது எனக்குப் பொறாமை வந்தது. அவர்களுடைய கணினிகளைப் பார்த்து அல்ல. 2001-இல் தொடங்கிய எக்ஸ்-ரோட் என்ற தரவுப் பரிமாற்ற அமைப்பின் மூலம் துறைகளின் தரவுத்தளங்களை இணைத்தார்கள், அது பெரிய வேலைதான். ஆனால் அரசிடம் ஏற்கெனவே இருக்கும் தகவலை மக்களிடம் மறுபடி கேட்கக்கூடாது என்பதையும் விதியாகவே வைத்தார்களே, அதைப் பார்த்துத்தான். அப்படி, கேட்பதற்கே வரம்பு கட்டும் விதி ஒன்று எங்களுக்கும் இருந்திருந்தால் எட்டாவது கட்டத்தை நீக்க எனக்குத் துணிச்சல் தேவைப்பட்டிருக்காது. வைத்திருக்க நினைப்பவர்தான் காரணம் தேட வேண்டியிருக்கும்.

விதியில் ஏறாத புதுமைக்கு ஆயுள் குறைவு. டென்மார்க் அமைச்சகங்களுக்குள் 2002-இல் உருவான மைண்ட்லேப், உலகமே எட்டிப் பார்த்த புத்தாக்கக் கூடம். அதையே 2018-இல் மூடிவிட்டார்கள். ஒரு காகிதம் எம்மாத்திரம்?

அப்புறம் அக்காவுக்கு இடமாறுதல் வந்தது. அலுவலகத்துக்கு வெள்ளையடித்தபோது கண்ணாடியையும் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டார்கள். மறுநாளே வரிசை வாசல் வரை நின்றது. நான் புதிதாக ஒரு மாதிரிப் படிவம் எழுதி, அது நிரந்தரமாக இருக்க அனுமதி கேட்டுக் குறிப்பும் வைத்தேன். குறிப்பு இன்னும் கண்காணிப்பாளர் மேசையில் இருக்கிறது. காகிதத்தை அன்று மாலையே ஒட்டிவிட்டேன்.