அட்டையும் கிருமியும்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் மழை விட்டபாடில்லை. நேற்று தேயிலைக் கொழுந்து மலையிலிருந்து வந்த அம்மாவின் காலில் இரண்டு அட்டை. உப்பைத் தடவிக்கொண்டே, "நீ படிக்கிற கிருமியும் இப்படித்தான் ஒட்டுமாடா?" என்று கேட்டார். அட, கிட்டத்தட்ட அப்படியேதான்!

மூளையுறைக் காய்ச்சலைக் கொண்டுவரும் மெனிங்கோகாக்கஸ், மூக்குக்குப் பின்னால், தொண்டையின் மேல்பகுதியில் குடியிருக்கும் பாக்டீரியா. மனிதரை விட்டால் அதற்கு வேறு வீடில்லை. அதன் உடம்பில் மயிரிழையைவிடப் பல மடங்கு மெல்லிய நார்கள்; பெயர் பிலி. அவற்றை நீட்டி உள்தோல் செல்லைப் பிடிக்கும், அப்புறம் நாரைச் சுருக்கித் தன்னையே இழுத்துக்கொள்ளும். அட்டை நகர்வதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். ஒட்டிய இடத்திலேயே கூட்டம் கூட்டமாகப் பெருகும்.

பெரியவர்களில் சுமார் 10 சதவீதம் பேர் எந்தக் கோளாறும் இல்லாமல் இதைச் சுமந்து திரிகிறார்கள். செல்லைத் தாண்டி இரத்தத்தில் இறங்கினால்தான் வினை. அங்கே அதன் சர்க்கரை உறை நம் எதிர்ப்புச் சக்தியிடமிருந்து அதைக் காப்பாற்றும். சில மணி நேரத்தில் ஆளையே சாய்த்துவிடும்.

எல்லாம் கேட்டுவிட்டு அம்மா, "அப்போ உப்புத் தண்ணி கொப்பளிச்சா விழுந்துருமா?"

இல்லம்மா. அதுக்குத் தடுப்பூசி இருக்கு, வந்துட்டா உடனே ஆன்டிபயாட்டிக்.

"சரி, அந்த உப்பு டப்பாவ மூடி வை."