பேராதனைப் பக்கம் பிள்ளைகளுக்கு வீடு கொடுக்கும்போது

கெட்டம்பே, பிலிமத்தலாவை, கலஹா வீதிப் பக்கம் கம்பஸ் (பல்கலைக்கழக) பிள்ளைகளுக்கு வீட்டைப் போர்டிங்காகக் கொடுப்பதென்றால், வாடகைக்கு முன் கரண்ட் பில்லைப் பேசி முடியுங்கள். பிணக்கு வருவது அதில்தான்.

3.5 கிலோவாட் ஷவர் ஹீட்டரில் ஆறு பேர், ஆளுக்குப் பத்து நிமிடம் குளித்தால் நாளைக்கு 3.5 யூனிட், மாதம் 105. மாதப் பாவனை 60 யூனிட்டைத் தாண்டினாலே மலிவு விலை போய்விடும்; 180க்கு மேல் வருவதெல்லாம் உச்ச விலை. ஆகவே கரண்டையும் சேர்த்து ஒரே வாடகை பேசவே கூடாது. மேல்மாடியை மட்டும் கொடுப்பவர்கள், அதன் பாவனையைத் தனியாகக் காட்டும் சப் மீட்டர் போடுங்கள். முதலாந்தேதி ஒரு பிள்ளையைக் கூட வைத்துக்கொண்டு இரண்டு மீட்டரையும் வாசித்து, படமெடுத்து அவர்களுடைய வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் பேச்சுக்கே இடமில்லை. பில் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து, வரும் சராசரி விலையில் பங்கு பிரித்துக்கொள்ளுங்கள். உச்ச விலையை மட்டும் பிள்ளைகள் தலையில் கட்டுவது அநியாயம்.

ஹீட்டருக்குத் தனி வயரும் தனி பிரேக்கரும் வேண்டும். கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்தும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டைக் கொடுக்கவே வேண்டாம். அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உடனே விழ வேண்டும்.

அடுத்தது ஈரம். தென்மேல் பருவமழையிலும் ஒக்டோபர், நவம்பர் மழையிலும் ஈர உடுப்பு அறைக்குள்தான் தொங்கும். குளிருக்கு ஜன்னலும் பூட்டியே கிடக்கும். அல்மாரிக்குப் பின்னால் சுவர் கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். அதற்கு மேல் பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்குள் உரிந்து வரும். பிளீச் தண்ணீரால் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே அடிக்க வேண்டும். அதைவிட, பின்பக்கம் தகரம் இறக்கிக் கொடிக்கயிறு கட்டிக் கொடுப்பது செலவு குறைவு. அல்மாரியைச் சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி வையுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தை வெறும் தாளில் எழுதி, முத்திரை ஒட்டிக் கையெழுத்து வாங்கினால் போதாது. 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். அதில் இரண்டு விஷயம் கட்டாயம் இருக்கட்டும்: லீவு மாதங்களுக்கு வாடகை எவ்வளவு, இடையில் ஒருவர் போனால் அவர் பங்கை யார் கட்டுவது. ஹொஸ்டல் கிடைத்ததும் பிள்ளைகள் கிளம்பிவிடுவார்கள். மிஞ்சியவர்களால் முழு வாடகை கட்ட முடியாது. ஒரு மாத முன்னறிவித்தலும், பதிலுக்கு ஆள் சேர்க்க அனுமதியும் எழுதிவிட்டால் இரு பக்கத்துக்கும் நல்லது.