அடுத்த பிரபஞ்சம்: பணிக்குறிப்புகள்

ஜூன் 2, 2025

கதைக்காகக் கட்டப்படும் பிரபஞ்சம் இது. நம்முடையது முடிந்த பிறகு வருவது. இப்படிக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு நிலா, ஊதா வானம் என்று புதியதிலிருந்தே தொடங்குவார்கள். அது தலைகீழ். பழையது எப்படிச் செத்தது என்பதைப் பொறுத்துத்தான் புதியதற்கு என்ன மிஞ்சும் என்பது தெரியும். அதை முதலில் பூட்டிவிட வேண்டும்.

பெருங்கிழிவை (விரிவு மிஞ்சிப்போய்ப் பிரபஞ்சமே கிழியும் முடிவு) பார்த்தால், 2003இல் இயற்பியலர் கால்டுவெல்லின் குழு போட்ட கணக்கு கதாசிரியருக்குத் தேன். இருளாற்றல் (பிரபஞ்ச விரிவை முடுக்கும் ஆற்றல்) அவர்கள் எடுத்துக்கொண்ட அளவுக்கு முரட்டுத்தனமாக இருந்தால் 2,200 கோடி ஆண்டில் எல்லாம் கிழியும். முடிவுக்கு 6 கோடி ஆண்டு இருக்கும்போது பால்வீதி சிதறும், அரை மணி நேரம் இருக்கும்போது பூமி. ஆனால் அதற்குப் பிறகு தொடர ஒன்றும் இல்லை. ஒரு பிரபஞ்சத்தின் முடிவே அடுத்ததன் தொடக்கம் என்னும் பென்ரோஸின் சுழற்சி மாதிரியில் தொடர்ச்சி உண்டு. அதற்கு எலக்ட்ரான் உட்பட எல்லாத் துகளும் கடைசியில் நிறையை இழக்க வேண்டும். எலக்ட்ரான் அப்படிச் செய்யும் என்பதற்கு எந்த அறிகுறியும் இல்லை.

எடுத்துக்கொண்டது வெற்றிடச் சிதைவு. ஹிக்ஸ் துகளின் நிறை 125, டாப் குவார்க்கின் நிறை சுமார் 173 கிகா எலக்ட்ரான் வோல்ட் (துகள் நிறையை அளக்கும் அலகு). இந்த இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், நாம் இருக்கும் வெற்றிடம் அடிமட்டம் அல்ல, நடுவில் உள்ள ஒரு பள்ளம் என்றே வருகிறது.

ஜூன் 5

எங்கோ ஓர் இடத்தில், துகள்களுக்கு நிறை தரும் ஹிக்ஸ் புலம் துளைத்துக்கொண்டு ஆழமான பள்ளத்துக்குப் போகிறது. ஒரு குமிழி உண்டாகி, அதன் சுவர் ஏறக்குறைய ஒளி வேகத்தில் பரவுகிறது. எச்சரிக்கைக்கு வழியே இல்லை. சேதி வரும்போது சுவரும் வந்துவிடும். கதையில் யாராவது வானத்தில் குமிழியைப் பார்த்து ஓடினால் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடலாம்.

இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கோல்மனும் டி லூசியாவும் 1980இல் காட்டியது: புதிய வெற்றிடத்தின் ஆற்றல் எதிர்க்குறியில் இருந்தால் குமிழியின் உள்பக்கம் தானே நொறுங்கிவிடும். நட்சத்திரத்துக்கு நேரமே கிடைக்காது. அதனால் புதிய வெற்றிடத்துக்குச் சிறிய நேர்க்குறி ஆற்றல் கொடுத்தாக வேண்டும். உள்ளே ஒரு குறுகிய பெருவீக்கமும் (வெளி கண்மூடித் திறப்பதற்குள் ஊதிப் பெருகுவது) அதன் முடிவில் சூடேற்றமும் வேண்டும். இல்லாவிட்டால் வெறும் குளிர்ந்த வெற்றுக் குமிழிதான்.

ஜூன் 6

எப்போது? 2018இல் வந்த ஒரு கணக்கு 10¹³⁹ ஆண்டு என்கிறது. பிழை எல்லை மிகப் பெரிது. பெரிய கருந்துளைகளே 10¹⁰⁰ ஆண்டில் ஆவியாகிவிடும். அதனால் சுவர் வரும்போது அங்கே அழிய எதுவும் இருக்காது. கூட்டம் கூட்டமாக மக்கள் அலறும் காட்சி இந்தத் தேர்வில் இல்லை.

ஜூன் 11

ஹிக்ஸ் புலத்தின் மதிப்பு மலைபோல் ஏறும்போது டபிள்யூ, இசட் துகள்களின் நிறையும் ஏறும். அவை சுமக்கும் வலிமை குறைந்த அணுக்கரு விசை (இனி மென்விசை) இருந்தும் இல்லாததுபோல் ஆகும். சிக்கல், எலக்ட்ரானும் குவார்க்குகளும் கூடவே கனத்துவிடும், வேதியியல் போயிற்று. அவற்றின் நிறை மட்டும் பழையபடி இருக்கும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். கதைக்கு அனுமதித்த பொய் இது ஒன்றுதான்; இதற்குமேல் கேட்டால் வாசகர் எழுந்து போய்விடுவார்.

மென்விசை இல்லாத பிரபஞ்சத்தை இயற்பியலர்கள் ஹார்னிக், கிரிப்ஸ், பெரெஸ் மூவரும் 2006இல் தீவிரமாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். அதில் நட்சத்திரம் எரிகிறது. அந்த வழியில்தான் போகிறோம்.

ஜூன் 12

ஹீலியம் பொறி. நம் பெருவெடிப்பில் மென்விசை நியூட்ரான்களைப் புரோட்டான்களாக மாற்றி, 7 புரோட்டானுக்கு 1 நியூட்ரான் என்று கொண்டுவந்து விட்டது. அதனால்தான் ஹீலியம் நிறையில் கால்வாசியோடு நின்று, மீதி ஹைட்ரஜனாகக் கிடைத்தது. மென்விசை இல்லாவிட்டால் இரண்டும் சரிபாதி; கையை வைக்காமல் விட்டால் ஏறக்குறைய எல்லாம் ஹீலியமாகிவிடும். ஹைட்ரஜன் இல்லை, தண்ணீர் இல்லை, கதை இல்லை.

திருத்தம்: பொருளின் அடர்த்தியைக் குறைப்பது. நம்மிடம் ஒரு ஃபோட்டானுக்கு (ஒளித்துகளுக்கு) 6×10⁻¹⁰ அணுக்கருத் துகள். அதை நூறில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்தால், துகள்கள் ஒன்றையொன்று தேடிப் பிடிப்பதற்குள் வெளி குளிர்ந்துவிடும். டியூட்டீரியம் (கருவில் ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் உள்ள கன ஹைட்ரஜன்) ஹீலியமாகாமல் பாதி வழியில் தப்பிக்கும். கதைக்கு வைத்த எண்: ஹைட்ரஜன் அணுக்களில் நாலில் ஒன்று டியூட்டீரியம். நம் பிரபஞ்சம் பிறந்தபோது இது லட்சத்துக்கு இரண்டரைதான்.

ஜூன் 19

நட்சத்திரம். நம் சூரியன் நிதானமாக எரிவதற்குக் காரணமே மென்விசைதான். இரண்டு புரோட்டான் இணைய ஒன்று நியூட்ரானாக மாற வேண்டும்; அந்த மாற்றம் அரிதிலும் அரிது. அங்கே அந்த வழி அடைப்பு. பதிலாகப் புரோட்டானும் டியூட்டீரியமும் சேர்ந்து ஹீலியம்-3 ஆகும். ஒரு முறைக்கு 5.49 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். இதற்கு 10 லட்சம் டிகிரி போதும். சூரிய மையத்தில் 1.5 கோடி.

குறைந்த வெப்பம் என்றால் மங்கலான நட்சத்திரம் என்று நினைப்பது வழக்கமான தவறு. மைய வெப்பம் குறைந்தால் அதே நிறை குறைவாகவே அமுங்கும், நட்சத்திரம் ஊதிப்போகும். நிறையை வெப்பத்தால் வகுத்தால் ஆரம் தோராயமாகக் கிடைக்கும். சூரிய நிறையில் பத்தில் ஒன்று எடுத்தால் ஆரம் சூரியனைப்போல் 1.5 மடங்கு. மேற்பரப்பு 3,200 கெல்வின் என்று வைத்தால் பிரகாசம் சூரியனில் 0.2 பங்கு.

ஆயுள்: மூன்று புரோட்டான், ஒரு டியூட்டீரியம், ஆக ஐந்து துகளுக்கு 5.49, துகளுக்கு 1.1. சூரியன் தன் வாழ்நாளில் பத்தில் ஒரு பங்கைத்தான் எரிக்கும் என்பதால் அதற்குச் சராசரி 0.67. இந்தச் சிறிய நட்சத்திரமோ அடிவரை கொதித்துக் கலங்கும், எரிபொருள் முழுதும் செலவாகும். கிலோவுக்குச் சூரியனைவிட இரண்டு மடங்கு வேகமாக ஒளிர்ந்தாலும் 800 கோடி ஆண்டு தாங்கும். சூரிய நிறையில் 0.3 பங்கு வைத்தால் 300 கோடிக்குக் கீழே இறங்கிவிடுகிறது. எனவே பெரிய நட்சத்திரம் வேண்டாம்.

ஜூன் 20

பிரகாசத்தின் வர்க்கமூலம் எடுத்தால் கோளின் தூரம்: 6.9 கோடி கிலோமீட்டர். கெப்ளர் விதியில் போட்டால் ஆண்டு 360 நாள். திட்டமிட்டது அல்ல, கணக்கு அப்படி விழுந்தது. ஆண்டு நீளம் நம்முடையதாகவே இருப்பதால் ஓத விசையும் பூமி மீது சூரியன் செலுத்தும் அளவேதான். கோள் ஒரே முகத்தைக் காட்டிப் பூட்டிக்கொள்ளாது. வானத்தில் அந்தச் செம்மஞ்சள் வட்டு நம் சூரியனைப்போல் மூன்று மடங்கு அகலம்.

ஜூன் 27

தனிமங்கள். இங்கேதான் சுவாரசியம். வெண்குறுமீன் (எரிந்து முடிந்த நட்சத்திரத்தின் சுருங்கிய மிச்சம்) வெடிக்கும்போது நிக்கல்-56 உண்டாகும். நம்மிடம் அது கோபால்ட்டாகி, பிறகு இரும்பாகும். அந்தச் சிதைவுதான் வெடிப்பை வாரக்கணக்கில் ஒளிர வைக்கிறது. மென்விசையால் புரோட்டானும் நியூட்ரானும் ஒன்று மற்றதாக மாறும் இந்தப் பீட்டா சிதைவு இல்லாத இடத்தில் நிக்கல் நிக்கலாகவே நிற்கும். வெடிப்பும் சீக்கிரம் அணைந்துவிடும்.

ஒட்டுமொத்த வரிசையே இரண்டு கட்டம் தள்ளிப்போகிறது. நம் இரும்பின் இடத்தில் நிக்கல், நம் குரோமியத்தின் இடத்தில் இரும்பு. நம்மிடம் சுமார் 70 இரும்பு அணுவுக்கு ஒரு குரோமியம் என்பதால், அங்கே இரும்பு அவ்வளவு அரிது. கொல்லன் பட்டறை எழுதுகிறவர் நிக்கலை அடிக்க வேண்டும். திசைகாட்டி ஊசி கிடைக்கும். ஆனால் 350 டிகிரி செல்சியஸை ஒட்டிக் காந்தம் போய்விடும், இரும்புக்கு அது 770.

துத்தநாகத்தைத் தாண்டினால் வெறுமை. கனத் தனிமங்களுக்கு நியூட்ரான் சேர்ந்து பீட்டா சிதைவு நடக்க வேண்டும். அந்த ஏணியே இல்லை. தங்கம் இல்லை, சவரன் விலை கேட்க ஆளும் இல்லை. அயோடினும் இல்லை, ஆகவே தைராய்டு உள்ள உயிரை அங்கே வைக்கக்கூடாது. யுரேனியம், பொட்டாசியம்-40 தரும் சூடும் கிடையாது. எரிமலை வேண்டுமானால் அருகில் ஒரு பெரிய நிலா வைத்துப் பிசைய வேண்டும்.

1930இல் சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்துக் கப்பலேறிய சந்திரசேகர் வெண்குறுமீனுக்குக் கணித்த 1.4 சூரிய நிறை எல்லை அங்கேயும் செல்லும். தாண்டினால் நியூட்ரான் விண்மீன் மட்டும் வராது. எலக்ட்ரானைப் புரோட்டான் விழுங்குவதும் மென்விசையின் வேலைதான்.

ஜூலை 3

தண்ணீர். ஹைட்ரஜனில் கால்வாசி டியூட்டீரியம் என்றால் தண்ணீர் நம்முடையதைவிடச் சுமார் 3 சதவீதம் கனம், 1 டிகிரியை ஒட்டி உறையும். "கனநீர்ப் பனிக்கட்டி மூழ்கும்" என்று எழுத ஆசை வரும். தூய கனநீர்ப் பனிக்கட்டி நம் தண்ணீரில் மூழ்கும், உண்மை. கலப்பு நீரில் உறைவதும் கலப்பே, எனவே மிதக்கும். நம்மூர்ப் பாலூட்டி அதைக் குடித்து வாழ்ந்தால் மலடாகும். பாதி அளவு ஏறினால் சாகும்.

ஜூலை 8

ஹார்னிக் உள்ளிட்ட மூவரின் மாதிரிக்கு எழுந்த பலமான எதிர்ப்பு ஆக்சிஜன் பற்றியது. நம் ஆக்சிஜனைப் பெரும்பாலும் வெளியே வீசுவது பெரிய விண்மீன்களின் மையச் சரிவு வெடிப்பு. மென்விசையால் உண்டாகும் நியூட்ரினோ துகள்கள் இல்லாமல் அது நடக்காது. மீதி இருப்பது வெண்குறுமீன் வெடிப்பும், முதிய விண்மீன்கள் ஊதித் தள்ளும் கார்பன் மிகுந்த வாயுவும். கார்பன் ஆக்சிஜனை மிஞ்சினால் ஆக்சிஜன் முழுக்கக் கார்பன் மோனாக்சைடில் அடைபட்டு, பாறை சிலிக்கன் கார்பைடாகவும் கிராஃபைட்டாகவும் இருக்கும், தண்ணீர் கிடையாது. சூரியனில் இந்த விகிதம் சுமார் 0.55. கோளை வெண்குறுமீன் வெடிப்புகள் அடுத்தடுத்து நடந்த பகுதியில் வைத்து 0.9 எடுத்திருக்கிறோம். மிஞ்சிய ஆக்சிஜனைச் சிலிக்கனும் மக்னீசியமும் முதலில் பிடித்துக்கொள்ளும். கடல் வேண்டாம், ஏரிகள் மட்டும். வரைபடத்தில் ஏற்கெனவே போட்ட இரண்டு சமுத்திரங்களை அழித்துவிடவும்.